க்வாய் ஹானஸ்: ஹைடா மக்களின் தீவுகளுக்குக் கிளம்புமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்வாய் ஹானஸ் எங்கே இருக்கிறது?

கனடாவின் மேற்குக் கோடியில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வடகரைக்கு அப்பால், பசிபிக் கடலில் ஹைடா க்வாய் என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. அதன் தென்பகுதிதான் க்வாய் ஹானஸ். நிலமும் கடலுமாகச் சேர்த்துச் சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். சாலை இல்லை, கடை இல்லை, கைப்பேசிக்கு அலைவரிசையும் கிடையாது. மழைக்காடு நேராகக் கடலில் வந்து இறங்கும் கரைகள்தான் எங்கும்.

பழைய வரைபடங்களில் இந்தத் தீவுகள் ‘குயின் சார்லட் தீவுகள்’ என்று இருக்கும். 2010-ல் அந்தப் பெயர் சட்டப்படி நீங்கியது. அங்கே குயின் சார்லட் என்றே ஓர் ஊரும் இருந்தது. 2022 முதல் அதன் பெயர் டாஜிங் கீட்ஸ். பழைய கையேட்டை வைத்துக்கொண்டு விடுதி தேடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இது அரசாங்கத்தின் தேசியப் பூங்காவா, ஹைடா மக்களின் நிலமா?

முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். மற்றக் கேள்விகளுக்கான பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

இந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான ஹைடா மக்கள் இங்கே பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்கிறார்கள். 1970-களிலும் 80-களிலும் மரம் வெட்டும் நிறுவனங்கள் தெற்கு நோக்கி வந்தபோது, 1985-ல் ஹைடா தேசம் (அந்த மக்களின் சொந்த ஆட்சி அமைப்பு) இந்தத் தென்பகுதியைத் தன் பாரம்பரியக் களமாகத் தானே அறிவித்தது. அதே ஆண்டு, அந்தப் பகுதியிலுள்ள லயல் தீவில் மரம் வெட்டும் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 72 பேர் கைதானார்கள். அவர்களில் வயது முதிர்ந்த பெண்களும் இருந்தார்கள். அந்த மறியல் கனடா முழுவதும் பேசப்பட்டது. 1987-ல் மரம் வெட்டுவதை நிறுத்த மத்திய அரசும் மாகாண அரசும் உடன்பட்டன.

1993-ல் கையெழுத்தான க்வாய் ஹானஸ் ஒப்பந்தம் படித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. ‘இந்த நிலம் எங்களுடையது’ என்று ஹைடா தரப்பும் ‘இது அரசுடையது’ என்று கனடா தரப்பும் சொல்வது அதில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. உரிமை யாருக்கு என்ற வழக்கைத் தீர்க்காமலேயே, காப்பாற்றும் வேலையைச் சேர்ந்து செய்வோம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிலிருந்து நிர்வாகம் ஒரு கூட்டு வாரியத்தின் கையில். இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள், முடிவுகள் ஒருமித்த கருத்தில். 2010-ல் சுற்றியுள்ள கடலும் பாதுகாப்புக்குள் வந்தது. மலையுச்சியிலிருந்து கடலடிவரை ஒரே ஏற்பாடு.

2024-ல் பிரிட்டிஷ் கொலம்பியா அரசு, ஹைடா க்வாய் முழுவதும் ஹைடா மக்களுக்கு நில உரிமை உண்டு என்று ஒப்பந்தமாகவே ஏற்றுக்கொண்டது. ஆகவே நீங்கள் போவது ஓர் அரசுப் பூங்காவுக்கு மட்டுமல்ல. ஒரு மக்களின் வீட்டுக்கும்கூட. விருந்தாளியாகப் போகிறோம் என்ற நினைப்பு இருந்தால், கீழே வரும் விதிகள் எதுவும் தொந்தரவாகத் தோன்றாது.

முன்பதிவு வேண்டுமா? நினைத்ததும் போய்விட முடியாதா?

முடியாது. தனியாகப் படகிலோ கயாக் என்ற சிறு துடுப்புப் படகிலோ போகிறவர்கள் முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், பயணத்துக்கு முன் நடக்கும் அறிமுக வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும். உள்ளே ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. சுற்றுலா நிறுவனத்தோடு போனால் இந்த வேலைகளில் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, அதனால் இங்கே எழுதவில்லை. தேசியப் பூங்காக்களை நடத்தும் அரசு நிறுவனமான பார்க்ஸ் கனடாவின் க்வாய் ஹானஸ் அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிமுக வகுப்பை வெறும் சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது, கரடி வந்தால் என்ன செய்வது, பழைய கிராமங்களில் எப்படி நடந்துகொள்வது என எல்லாம் அங்கேதான் தெரியவரும்.

எப்படிப் போய்ச் சேர்வது?

இரண்டு கட்டம். முதலில் ஹைடா க்வாய் போக வேண்டும். வான்கூவரிலிருந்து சாண்ட்ஸ்பிட் ஊருக்கு விமானம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இன்னொரு வழி, பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்திலிருந்து ஸ்கிடகேட்டுக்குப் பயணிகள் கப்பல். ஹெகேட் நீரிணையைக் கடக்க ஏழெட்டு மணி நேரம் ஆகும். கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும், ரத்தாகவும் செய்யும். டொராண்டோவிலிருந்து வருகிறவர்கள் திரும்பும் விமானத்தை நெருக்கிப் பிடித்துப் போடாதீர்கள். இரண்டு நாளாவது கையிருப்பு வேண்டும்.

அடுத்து, அங்கிருந்து க்வாய் ஹானஸுக்குள். சுற்றுலா நிறுவனத்தின் வேகப்படகு, பாய்மரப் படகு, கயாக், நீரில் இறங்கும் சிறு விமானம் ஆகியவைதான் வழி. ஸ்கிடகேட்டில் இறங்குகிறவர்கள் முதலில் சிறு படகுச் சேவையில் தெற்குத் தீவான மோர்ஸ்பிக்குக் கடக்க வேண்டும். சுமார் இருபது நிமிடம். கயாக்கில் போகிறவர்கள் பலர் அங்கிருந்து மண்சாலையில் மோர்ஸ்பி கேம்ப் என்ற இடத்துக்குப் போய்க் கிளம்புவார்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

ஒருநாள் படகுப் பயணம் உண்டு. வடக்கே உள்ள ஒன்றிரண்டு கிராமங்களைப் பார்த்துத் திரும்பலாம். தென்கோடியில் இருக்கும் ஸ்காங் க்வாய் வரை போக வேண்டுமென்றால் வேகப்படகில்கூட மூன்று நான்கு நாள் ஒதுக்குவது நல்லது. கயாக் என்றால் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்.

என்னைக் கேட்டால், ஒருநாள் பயணத்துக்காக மட்டும் இவ்வளவு தூரம் வர வேண்டாம். வந்தால் தெற்குவரை போங்கள். முடியாதென்றால் வடக்குத் தீவிலேயே நிதானமாக இருந்து ஸ்கிடகேட், ஓல்ட் மாசெட் என்ற ஹைடா ஊர்களைப் பாருங்கள். அரைகுறையாக இரண்டையும் தொடுவதைவிட அது மேல்.

எந்த மாதம் நல்லது?

ஜூலையும் ஆகஸ்டும். மே முதல் செப்டம்பர் வரை போகலாம். எந்த மாதமானாலும் மழை உண்டு.

வாட்ச்மென் என்று சொல்கிறார்களே, அவர்கள் யார்?

கோடையில் பழைய கிராமங்களில் தங்கிக் காவல் காக்கும் ஹைடா மக்கள். ஹைடா மக்கள் சிடார் மரத்தில் செதுக்கி நிறுத்தும் டோட்டம் தூண்களின் உச்சியில் உயரத் தொப்பி அணிந்த மூன்று சிறு மனித உருவங்கள் உட்கார்ந்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஆபத்து வந்தால் முன்கூட்டியே எச்சரிக்கும் காவலர்கள் அவர்கள். அந்தப் பெயரைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

எழுபதுகளின் கடைசியில் கிராமங்களுக்கு வந்த சிலர் பொருட்களை எடுத்துக்கொண்டு போவதையும் சேதப்படுத்துவதையும் பார்த்து, 1981-ல் ஹைடா மக்கள் தாங்களாகவே போய்க் காவலுக்கு உட்கார்ந்தார்கள். அரசு சம்பளம் எதுவும் அப்போது இல்லை. இன்று அது முறையான வேலை. கூனா, தானூ, விண்டி பே, ஹாட்ஸ்பிரிங் தீவு, ஸ்காங் க்வாய் ஆகிய ஐந்து இடங்களில் இருக்கிறார்கள். இவற்றில் கூனா மட்டும் க்வாய் ஹானஸ் எல்லைக்குச் சற்று வெளியே.

கரையில் இறங்குமுன் படகுகளில் வைத்திருக்கும் விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே ஒரு குழு இருந்தால் படகில் காத்திருக்கச் சொல்வார்கள். இறங்கியதும் அவர்களே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். கதை சொல்வார்கள், சில வேளை தேநீரும் கிடைக்கும். அவர்களில் பலருக்கு அந்தக் கிராமம் பாட்டன் பாட்டியின் ஊர். வழிகாட்டி போல விரட்டிக் கேள்வி கேட்காமல், வீட்டுக்காரர் பேசட்டும் என்று விடுங்கள். அவர்கள் சொல்லாத ஒன்றை நீங்கள் தோண்டிக் கேட்கத் தேவையில்லை. சில கதைகள் குறிப்பிட்ட குலத்துக்கு மட்டுமே உரியவை; அதைச் சொல்ல அவர்களுக்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம்.

ஸ்காங் க்வாயில் என்ன இருக்கிறது?

தெற்குக் கோடியில், திறந்த பசிபிக்கை எதிர்கொண்டு நிற்கும் சிறு தீவு. அதன் உள்மடிந்த குடா ஒன்றின் கரையில் பழைய கிராமத்தின் வீடுகளின் சிதிலங்களும் டோட்டம் தூண்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 1981-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகப் பட்டியலில் சேர்த்தது.

அங்கே நிற்கும் தூண்களில் பெரும்பாலானவை இறந்தோருக்காக எழுப்பியவை. உயர்குடியில் பிறந்த ஒருவர் இறந்தால், எலும்புகளை, சிடார் பலகையை வளைத்துச் செய்த பெட்டியில் வைத்துத் தூணின் உச்சிக் குழியில் ஏற்றி, முன்பக்கம் செதுக்கிய பலகையால் மூடுவார்கள். அதாவது நீங்கள் நிற்பது ஒரு மயானத்தில். படத்துக்குச் சாய்ந்து நிற்பதற்கோ கையை வைப்பதற்கோ அது இடமில்லை. கிராமத்தில் நடைபாதையின் இருமருங்கும் வெள்ளைச் சிப்பிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள். பாசி மூடிய ஒவ்வொரு மேட்டுக்கும் அடியில் ஒரு வீட்டின் உத்தரம் கிடக்கலாம்.

அந்த ஊர் ஏன் காலியானது?

பெரியம்மை. 1862-ல் தெற்கே உள்ள விக்டோரியா நகரில் நோய் பரவியபோது, அங்கே முகாமிட்டிருந்த பூர்வகுடி மக்களை அதிகாரிகள் வடக்கே விரட்டினார்கள். அவர்கள் துடுப்பு போட்டு ஊர் திரும்பும்போது நோயும் கூடவே கரையெங்கும் போனது. அதற்கு முன் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்ததாகக் கணிக்கப்படும் ஹைடா மக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுநூறுக்கும் கீழே குறைந்தார்கள். பிழைத்தவர்கள் ஒவ்வொரு கிராமமாகக் கைவிட்டு ஸ்கிடகேட்டிலும் ஓல்ட் மாசெட்டிலும் ஒன்றுசேர்ந்தார்கள். அதோடு 1885 முதல் 1951 வரை பாட்லாச் என்ற, பரிசு வழங்கும் சடங்கு விருந்துக்குக் கனடா தடை போட்டிருந்தது. தூண் எழுப்புவது அந்த விருந்தோடு சேர்ந்த சடங்கு. ஆகவே தூண் எழுப்புவதும் நின்றது.

‘மறைந்துபோன இனம்’ என்று சில பயணக் குறிப்புகளில் இன்னும் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். உங்களைக் கரையில் வரவேற்பவரே ஹைடா.

தூண்கள் சிதைந்துகொண்டே வருகின்றனவே, ஏன் கூரை போட்டோ மருந்து பூசியோ காப்பாற்றவில்லை?

நல்ல எண்ணத்தில் பலர் கேட்கும் கேள்வி. தூண் மரத்திலிருந்து வந்தது, வேலை முடிந்தால் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது ஹைடா மரபு. விழுந்த தூணை மறுபடி தூக்கி நிறுத்துவது வழக்கமில்லை. ஆனாலும் இதில் எல்லோருக்கும் எப்போதும் ஒரே கருத்து இருந்ததில்லை. 1957-ல் ஸ்காங் க்வாயிலிருந்து சில தூண்களை வெட்டி விக்டோரியாவுக்கும் வான்கூவருக்கும் அருங்காட்சியகங்களுக்கு எடுத்துப் போனார்கள். பின்னாளில், நிற்கும் தூண்களைச் சுற்றி வேர்விடும் செடிகளை அகற்றுவது, சாய்ந்தவற்றுக்கு முட்டுக் கொடுப்பது போன்ற சிறு வேலைகளை ஹைடா மக்களின் ஒப்புதலோடு செய்தார்கள். சிதைவைச் சற்றுத் தாமதப்படுத்தலாம், தடுக்கக் கூடாது என்ற நிலைப்பாடு அது.

இங்கே முடிவெடுக்கும் உரிமை தூண் யாருடைய முன்னோருக்கு நிற்கிறதோ அவர்களுக்கே. பார்க்க வருகிறவர்களுக்கு அது மனக்கஷ்டமாக இருக்கலாம். இன்னும் சில பத்தாண்டுகளில் அங்கே எதுவும் நிற்காமல் போகலாம். எனக்கும் அதை ஏற்கச் சற்றுக் காலம் தேவைப்பட்டது. ஆனால் ஒரு சமூகம் தன் இறந்தோரைப் பற்றி எடுத்த முடிவில் நமக்கு வாக்கு இல்லை.

மரபு நின்றுபோய்விட்டது என்றும் இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 2013 ஆகஸ்டில் விண்டி பேயில் புதுத் தூண் ஒன்றை எழுப்பினார்கள். க்வாய் ஹானஸுக்குள் நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுந்த முதல் தூண் அது. 1993 ஒப்பந்தத்தின் இருபதாம் ஆண்டுக்காக ஹைடா சிற்பி ஜாலன் ஈடன்ஷா தலைமையில் செதுக்கியது. உயரம் 42 அடி. அதில் ஐந்து பேர் கைகோத்து நிற்கும் உருவம் இருக்கிறது, 1985 மறியலில் நின்றவர்களுக்காக. காலில் ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார்கள், மறக்காமல் பாருங்கள்.

வெந்நீர் ஊற்றுகள் வற்றிவிட்டன என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

2012 அக்டோபர் 27 அன்று 7.7 அளவில் நிலநடுக்கம் வந்தது. ஹாட்ஸ்பிரிங் தீவின் ஊற்றுகள் அப்போது அப்படியே நின்றுபோயின. அடுத்த சில ஆண்டுகளில் நீர் மெல்ல மெல்லத் திரும்பியது. எல்லா இடத்திலும் பழைய சூடும் பழைய ஓட்டமும் இல்லை. குளிக்க முடியுமா என்பதை அந்தந்தப் பருவத்தில் வாட்ச்மெனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நிலநடுக்கத்தையும் விண்டி பே தூணில் ஓர் உருவமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

என்னென்ன செய்யக் கூடாது?

எதையும் எடுக்கக் கூடாது: சிப்பி, எலும்பு, பழைய பாசிமணி, கல், மரத்துண்டு எதையும். கரையில் கிடந்தாலும் சரி, யாரும் பார்க்கவில்லை என்றாலும் சரி. அருங்காட்சியகங்கள் கொண்டுபோன முன்னோரின் எலும்புகளை ஒவ்வொன்றாகத் தேடி, 460-க்கும் மேற்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவந்து அடக்கம் செய்த மக்கள் இவர்கள். எடுத்துக்கொண்டு போவது அங்கே எவ்வளவு ஆழமான புண் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

டிரோன் பறக்கவிடக் கூடாது. சொந்தப் படங்கள் எடுக்கலாம். மனிதர்களை எடுக்குமுன் கேளுங்கள். வணிகப் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி வேண்டும். காட்டில் உயரவாக்கில் பட்டை உரித்த பழைய சிடார் மரங்களைக் கண்டால் அவற்றின்மேல் கை வைக்காதீர்கள். கூடைக்கும் கயிற்றுக்கும் அந்தக் காலத்தில் பட்டை எடுத்த மரங்கள் அவை, இன்னும் உயிரோடு நிற்கின்றன.

பர்னபி நேரோஸ் என்ற குறுகிய நீர்வழியில் கடல் வற்றும்போது தரையெங்கும் நட்சத்திர மீன்களும் மட்டிகளும் நண்டுகளும் அடுக்கடுக்காகத் தெரியும். இறங்கி நடக்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடியிலும் ஏதோ ஒன்று நசுங்கும். படகில் இருந்தபடியே, நீர் ஏறும் நேரத்தில் மிதந்து பாருங்கள்.

கரடி உண்டா? வேறு ஆபத்து?

கருங்கரடி உண்டு, உடலில் பெரிய ரகம். கிரிஸ்லி கரடியும் ஓநாயும் இல்லை. சமையலையும் உணவையும் கூடாரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

உண்மையான ஆபத்து கடல்தான். ஹெகேட் நீரிணை ஆழம் குறைவு. காற்று எழுந்தால் அலை சட்டென்று செங்குத்தாக நிற்கும். மேற்குக் கரை திறந்த பெருங்கடல். அனுபவசாலிகளே யோசித்துத்தான் போவார்கள். கடல் மட்டம் ஏழு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும் இடம் இது. மாலையில் நல்ல மணல்மேடு என்று கூடாரம் அடித்தால் நள்ளிரவில் தண்ணீருக்குள் இருப்பீர்கள். கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைப் பார்க்கத் தெரியாமல் தனியாகப் போகாதீர்கள். தண்ணீர் கோடையிலும் கடுங்குளிர். கவிழ்ந்தால் சில நிமிடங்களில் கை வேலை செய்யாது. ரேடியோ, செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், மட்டி சிப்பி பொறுக்கிச் சமைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவற்றில் சேரும் பாசி நஞ்சு கொதித்தாலும் போகாது, உயிரைக் குடிக்கும்.

எங்கே தங்குவது? சாப்பாடு, தண்ணீர்?

குறித்துவைத்த முகாம் இடங்கள் கிடையாது. கரையில் கூடாரம் அடிக்கலாம், ஆனால் பழைய கிராமங்களிலும் தொல்லியல் இடங்களிலும் கூடாது. எவை அவை என்பது அறிமுக வகுப்பில் தெரியும். உணவு முழுவதும் நீங்களே கொண்டுபோக வேண்டும், குப்பை முழுவதும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருக்கும். மரச்சத்து கலந்த நிறம் அது. காய்ச்சிக் குடியுங்கள்.

கூடாரம் வேண்டாம் என்கிறவர்களுக்குத் தென்கோடியில் ரோஸ் ஹார்பரில் விடுதி உண்டு. 1910 முதல் 1943 வரை அங்கே திமிங்கில எண்ணெய் ஆலை இருந்தது. சீனத் தொழிலாளர்களும் ஜப்பானியத் தொழிலாளர்களும் அதில் வேலை செய்தார்கள். பழைய கொதிகலன்கள் துருப்பிடித்து இன்னும் கரையில் கிடக்கின்றன.

மான்களைச் சுட்டுக் கொல்கிறார்கள் என்று படித்தேன். பாதுகாக்கப்பட்ட இடத்தில் எப்படி?

மான் அந்தத் தீவுகளுக்குச் சொந்தமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. அதை வேட்டையாடும் மிருகம் அங்கே இல்லாததால் பெருகி, சிடார் கன்றுகளையும் மருந்துச் செடிகளையும் மேய்ந்து தீர்த்துவிட்டது. சில தீவுகளில் காட்டின் அடித்தளம் மொட்டையாகக் கிடக்கும். சிடார் கன்று இல்லையென்றால் நாளைக்குத் தூணும் இல்லை, படகும் இல்லை. அதனால் 2017-ல் ஹைடா தேசமும் பார்க்ஸ் கனடாவும் சேர்ந்து ராம்சே உள்ளிட்ட சில தீவுகளில் மான்களை அகற்றும் வேலையைத் தொடங்கின. கப்பல்களோடு வந்த எலிகள் நிலத்தில் வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகளை அழித்ததால், சில தீவுகளில் எலிகளை ஒழிக்கும் வேலையும் நடந்தது.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

படகிலிருந்து இறங்குவது பெரும்பாலும் வழுக்குப் பாறையிலோ முழங்கால் தண்ணீரிலோ இருக்கும். திறந்த வேகப்படகில் மணிக்கணக்கில் குலுங்க வேண்டும். முழங்கால் வலி, முதுகு வலி இருப்பவர்கள் மூடிய அறையுள்ள பெரிய படகைத் தேர்ந்தெடுக்கலாம். சிறு குழந்தைகளுக்குக் கட்டாயம் உயிர்காப்பு அங்கி, அதுவும் அளவுக்குச் சரியானது.

உள்ளே போக முடியவில்லையென்றால்?

வானிலையால் அப்படியும் நடக்கும். ஸ்கிடகேட்டுக்கு அருகே கே லனகாய் என்ற இடத்தில் ஹைடா பாரம்பரிய மையம் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி ஆறு தூண்கள் நிற்கின்றன, 2001-ல் எழுப்பியவை. உள்ளே அருங்காட்சியகம். ஹைடா சிற்பி பில் ரீட் 1986 வான்கூவர் உலகக் கண்காட்சிக்காக ஒற்றைச் சிடார் மரத்தில் உருவாக்கிய ‘லூ தாஸ்’ என்ற நீண்ட படகும் அங்கேதான் இருக்கிறது. யாராவது செதுக்கிக்கொண்டிருந்தால் பேச்சுக் கொடுக்கலாம். க்வாய் ஹானஸுக்குப் போகிறவர்களும் முதலில் இங்கே ஒரு நாள் செலவிட்டுவிட்டுப் போவது நல்லது; தெற்கே காட்டுக்குள் பாசி படிந்து மங்கிய உருவங்கள் எது அண்டங்காக்கை, எது கழுகு, எது கரடி என்று அப்போது கண்ணுக்குப் பிடிபடும். கோடை தவிர்த்த மாதங்களில் திறக்கும் நாட்கள் குறைவு, கேட்டுக்கொண்டு போங்கள்.